அலமாரிக்குள் ரிப்பன் கம்பு: கழற்றி மாட்டும் விதமாக

ரிப்பன், லேஸ், ஜரிகை ரோல்களைப் பெட்டியில் போட்டு வைத்தால், தேடுகிற நிறம் எப்போதும் அடியில்தான் கிடக்கும். அலமாரிக்குள் குறுக்கே ஒரு கம்பு வைத்துக் கோர்த்துவிட்டால் எல்லா நிறமும் கண்ணெதிரே இருக்கும். ஆனால் கம்பை நிரந்தரமாக இறுக்கிவிடாதீர்கள். நடுவில் ஒரு ரோல் தீர்ந்தால் புதியதைக் கோர்க்க, கம்பு வெளியே வந்தாக வேண்டும். அதற்கான இடத்தை முதலிலேயே கணக்குப் போடுவதுதான் இந்த வேலையின் உயிர்.

தேவையானவை: 12 மி.மீ. உருண்டை மரக்கம்பு, 12 மி.மீ. பிளைவுட் துண்டு, 25 மி.மீ. ஸ்க்ரூ நான்கு, மரப்பசை, டிரில், சின்ன ரம்பம், உப்புத்தாள். கம்பு வாங்கும் முன் உங்கள் ரோல்களிலேயே ஓட்டை சிறியது எதுவென்று பாருங்கள். அதில் தாராளமாக நுழையும் கம்புதான் சரி.

முதலில் அளவு. அலமாரியின் உள் அகலத்தைக் கம்பு வரப்போகும் இடத்திலேயே அளக்க வேண்டும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவாக இருக்கும் என்று நம்ப முடியாது. அதில் 3 மி.மீ. குறைத்துக் கம்பை வெட்டுங்கள். உள் அகலம் 560 என்றால் கம்பு 557. அகலம் 60 செ.மீ.க்கு மேல் போனால் மரக்கம்பு நடுவில் தொய்யலாம், இரும்புக் குழாய் நல்லது.

அப்புறம் தாங்கிகள். பிளைவுட்டில் 5 செ.மீ. சதுரமாக இரண்டு வரைந்து, மேல் விளிம்பிலிருந்து 15 மி.மீ. கீழே, நடுவில் 14 மி.மீ. துளை போடுங்கள். துளை போட்ட பிறகே சதுரத்தை வெட்டுங்கள். சின்னத் துண்டில் துளையிட்டால் ஓரம் பிளந்துவிடும். துளையின் இரு பக்கத்திலிருந்தும் மேல் விளிம்பு வரை நேராக அறுத்தால் மேலே திறந்த ஒரு பள்ளம் கிடைக்கும். கிட்டத்தட்ட ‘ப’ எழுத்துதான், அடிப்பக்கம் மட்டும் வளைவு. உள்ளே உப்புத்தாளால் நன்றாகத் தேயுங்கள், கம்பு சிக்காமல் வர வேண்டும்.

எந்த உயரத்தில் வைப்பது? பெரிய ரோலின் விட்டம் 9 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பாதி 4.5. கம்பு பள்ளத்தை விட்டு மேலே வர 2.2 செ.மீ. எழும்ப வேண்டும். கை அசைய இன்னும் ஒன்று. ஆக, மேல் தட்டிலிருந்து துளையின் மையம் ஏறக்குறைய 8 செ.மீ. கீழே. பின்சுவரிலிருந்து 6 செ.மீ. போதும். கதவைச் சாத்தும்போது ரோல் இடிக்கிறதா, கீல் குறுக்கே வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இரண்டு பக்கமும் ஒரே உயரம் வர எளிய வழி ஒன்று உண்டு. கெட்டி அட்டையைத் தாங்கியின் அடி வரவேண்டிய உயரத்துக்கு வெட்டி, கீழ்த் தட்டில் நிறுத்துங்கள். அதன் தலையில் தாங்கியை வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். அதே அட்டையை அடுத்த பக்கம் நகர்த்துங்கள். ரசமட்டமே வேண்டாம்.

இப்போது ஸ்க்ரூ. இங்கே அவசரம் கூடாது. தாங்கி 12, அலமாரிப் பலகை 18 என்றால் மொத்தம் 30 மி.மீ.தான். நான் முதல் தடவை 35 மி.மீ. ஸ்க்ரூ போட்டு, அதன் முனை வெளிப்பக்கம் எட்டிப் பார்த்தது. அந்த ஓட்டையை இன்றும் மறைக்க முடியவில்லை. பலகை 18ஐ விட மெல்லியது என்றால் ஸ்க்ரூவும் குட்டையாக வேண்டும். ஸ்க்ரூவுக்கு முன்துளை போட, டிரில் பிட்டில் 22 மி.மீ. தூரத்தில் டேப் சுற்றிக்கொண்டு, டேப் மரத்தைத் தொட்டதும் நிறுத்துங்கள். கம்பு உட்காரும் பள்ளத்துக்குக் கீழே இடமும் வலமும் ஒவ்வொரு ஸ்க்ரூ. தாங்கியின் முதுகில் மரப்பசை தடவி, ஸ்க்ரூ டிரைவரால் கையாலேயே முறுக்குங்கள். துகள் பலகையில் (பார்ட்டிகிள் போர்டு) மெஷினால் இறுக்கினால் மரை தின்றுவிடும்.

பசை ஒரு நாள் காயட்டும். பிறகு ரோல்களைக் கோர்த்து, கம்பின் இரு முனைகளையும் பள்ளத்தில் இறக்குங்கள். எடுக்கும்போது இரு முனைகளையும் சேர்த்துத் தூக்கி, ஒரு முனையை மட்டும் முன்னால் இழுத்துச் சாய்வாக வெளியே கொண்டுவாருங்கள். ரோல்கள் வழுக்கி விழாமலிருக்க, கோர்த்து முடித்ததும் கடைசி ரோலை ஒட்டிக் கம்பில் ஒரு ரப்பர் பேண்டை நான்கு சுற்று சுற்றிவிடுங்கள்.