சின்ன ரயில் நிலையங்களைச் சுற்றிப் பார்க்க ஒரு வழி

வார இறுதியில் கிளைப் பாதையில் இருக்கும் சின்ன நிலையங்களைப் பார்க்கக் கிளம்புகிறீர்களா? திரும்பி வரும் கடைசி ரயிலை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் நேராகப் பாதையின் கடைசி நிலையத்துக்குப் போய்விட்டு, ஒவ்வொரு நிலையமாக இறங்கி ஏறி வீட்டை நோக்கி வருவதுதான் நிம்மதி. ரயில் தாமதமானால் ஒரு நிலையத்தை விட்டுவிடலாம், அவ்வளவுதான்.

பல பாதைகளில் ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு. அந்த நாளுக்கான அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். வழியில் இறங்கி ஏற உங்கள் டிக்கெட் இடம் தருமா என்பதையும் கேட்டுவிடுங்கள்; நாள் முழுக்கச் செல்லும் டிக்கெட் கிடைத்தால் ரொம்ப வசதி.

எந்த நிலையத்தில் இறங்குவது? இரு திசைக்கும் ஒரே தண்டவாளம் உள்ள ஒற்றைப் பாதை என்றால் இரு திசை ரயில்களும் ஏறக்குறைய ஒரே நேரத்துக்கு வரும் நிலையத்தை அட்டவணையில் தேடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஒரு ரயில் காத்திருந்து இன்னொன்றுக்கு வழிவிடும். எனக்குப் பிடித்த காட்சி அது. அதை நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் முந்தைய ரயிலிலேயே அங்கு வந்துவிடுங்கள். அப்புறம், நடைமேடையின் இரு முனைகளையும் கவனியுங்கள். நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் நிரப்பிய பழைய தொட்டியோ குழாயோ சில இடங்களில் இன்னும் நிற்கும். கிட்டத்தில் பார்க்கும் ஆசையில் தண்டவாளத்தில் மட்டும் இறங்காதீர்கள்.

சின்ன நிலையங்களில் குடிநீரும் கழிப்பறையும் இல்லாமல் போகலாம். இரண்டுக்கும் பெரிய நிலையத்திலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.