கை கழுவும் இடத்தில் ஒரு சொல்லை மாற்றிப் பாருங்கள்

உங்கள் மருத்துவமனையில் கை கழுவும் இடத்துக்கு மேலே 'கை கழுவினால் உங்களுக்கு நோய் தொற்றாது' என்று ஒட்டியிருக்கிறதா? 'உங்களுக்கு' என்பதை எடுத்துவிட்டு 'நோயாளிகளுக்கு' என்று போடுங்கள். ஆடம் கிராண்ட், டேவிட் ஹாஃப்மன் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளியைச் சொன்ன பலகைக்குக் கீழேதான் சோப்பும் ஜெல்லும் கூடுதலாகச் செலவாயின. மற்றதை யாரும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

வருடக்கணக்கில் வார்டிலேயே நின்றும் ஒன்றும் ஆகாத நர்ஸுக்கு 'நமக்கென்ன வந்துவிடப் போகிறது' என்ற தைரியம் வந்துவிடுகிறது. கட்டிலில் படுத்திருப்பவர் விஷயத்தில் அந்தத் தைரியம் எளிதில் வராது. பயமுறுத்தும் கிருமிப் படமெல்லாம் வீண் செலவு என்பேன். அப்புறம், பலகையை வாசலில் மாட்டாதீர்கள். கை நீளும் இடத்தில், ஜெல் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள்.