பேபி லம்போவை கிருஷ்ணகிரியிலிருந்து தொப்பூர் வரை ஓட்டுவது எப்படி?

நம்ம ஊர் எருது விடும் விழாவில் ஒவ்வொரு காளைக்கும் ஒரு பெயர் உண்டு, ஓடி முடித்த நேரமும் உண்டு. லம்போர்கினி வண்டிகளையும் அப்படியே பார்க்கலாம். லம்போர்கினியின் கல்லார்டோ காருக்கு வைத்தது ஸ்பெயின் நாட்டுச் சண்டைக்காளை இனத்தின் பெயர். அதே கம்பெனியின் வி12 (12 சிலிண்டர்) எஞ்சின் கொண்ட முர்சியேலாகோவை விட உருவத்திலும் விலையிலும் சிறியது என்பதால் இதற்கு ‘பேபி லம்போ’ என்ற செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டது. 2003 முதல் 2013 வரை 14,022 வண்டிகள் தயாராயின.

வாங்கும் முன் பின்னால் இருக்கும் எழுத்துகளைப் படியுங்கள். எல்.பி.560-4 என்றால் எஞ்சின் நீளவாக்கில் பின்பக்கம், 560 குதிரைத்திறன், நான்கு சக்கரமும் இழுக்கும். 100 கி.மீ. வேகத்தை 3.7 விநாடியில் தொடும், உச்சம் 325. எல்.பி.550-2 பின்சக்கரத்தில் மட்டும் இழுப்பது. மழையில் தொப்பூர் கணவாய் இறங்க 560-4 தான் நம்பிக்கையானது.

இந்த வண்டியில் முதலில் செலவு வைப்பது இ-கியர் என்ற, கிளட்ச் மிதி இல்லாத கியர்பாக்ஸின் கிளட்ச். பார்க்க ஆட்டோமேட்டிக் மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது ஒற்றைக் கிளட்ச் தான். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வரிசையில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினால் கிளட்ச் தேய்ந்து கருகும். நின்றவுடன் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் இரண்டு கியர் பேடிலையும் சேர்த்து இழுத்து நியூட்ரலுக்கு வாருங்கள். முன்னால் இரண்டு கார் நீளம் இடம் விழுந்த பிறகு ஒரே மூச்சில் நகருங்கள். மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்து வண்டியை நிறுத்திப் பிடிக்கவே கூடாது. பிரேக் எதற்கு இருக்கிறது? பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஸ்கேன் கருவியில் கிளட்ச் தேய்மானத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் சரிபாருங்கள். மதிய வெயிலில் அழுத்தம் ஏறித்தான் காட்டும். அப்போது காற்றை இறக்கினால் மறுநாள் காலை குறைவாக இருக்கும். ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் கிட் கட்டாயம். 91 ஆக்டேன் பெட்ரோல் வேண்டாம், 95 கிடைக்கும் பங்க்கில் நிரப்புங்கள்.

சர்வீஸ் ரோடு வேகத்தடைகளில் நோஸ் லிஃப்ட் (முன்பக்கத்தை உயர்த்தும் வசதி) இருந்தால் தூக்கிவிட்டு ஏறுங்கள். இல்லையென்றால் இடம் பார்த்துச் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குங்கள். நேராக ஏறினால் முதலில் உரசுவது முன்பம்பரின் அடி உதடு. கிரானைட் லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள், சிதறும் சில்லு கண்ணாடியைப் பெயர்க்கும்.

தர்மபுரி தாண்டி தொப்பூர் இறக்கம் தொடங்குமுன் இடது பேடிலால் மூன்றாவது கியருக்கு இறங்கி, எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி விடுங்கள். விடாமல் பிரேக்கை மிதித்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். பலகையில் போட்ட வேகம்தான் இங்கே வேகம். பின்னால் பிரேக் பிடிக்காமல் லாரி வரக்கூடிய இடம் என்பதால் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இறங்குங்கள். கீழே வந்ததும் உடனே நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடாமல், இரண்டு மூன்று கி.மீ. மெதுவாக ஓட்டி டிஸ்க் ஆறிய பிறகு நிறுத்துங்கள்.