உங்கள் அரசியல் கருத்து எங்கே முளைத்தது? கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு தேடல் முறை

கிராமத்தில் வளர்ந்த இளைஞர்கள் அரசியல் பேச வந்தால் நான் முதலில் கேட்பது, "இதை எப்போதிலிருந்து நினைக்கிறாய்?" என்பதுதான். பலரும் யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். பதிலைத் தேட ஒரு வழி இருக்கிறது. நானே செய்து பார்த்தது.

ஒரு நோட்டில், விட்டுக்கொடுக்கவே முடியாத ஒரு கருத்தை எழுதுங்கள். கட்சிப் பெயர் வேண்டாம். என்னுடைய வரி: "அரசாங்கத்தை நம்பிப் பயனில்லை." அதற்குக் கீழே, அப்படி முதலில் தோன்றிய நாளை எழுதுங்கள். காரணம் அல்ல, நடந்ததை மட்டும். எனக்கு அப்போது 11 வயது. ஒரு மனுவோடு அப்பா மூன்றாவது முறையாக ஓர் அலுவலகத்துக்குப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. அன்றும் கையெழுத்து கிடைக்கவில்லை. கடைசிப் பேருந்து போய்விட்டது. மழையில் ஆறு கிலோமீட்டர் நடந்தோம். வழி முழுக்க அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்தது, அன்று எது வலித்தது என்று பாருங்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கேத்தரின் கிரேமர் என்ற அரசியல் அறிஞர் 2007 முதல் ஊர் ஊராகப் போய், மக்கள் கூடிப் பேசும் இடங்களில் உட்கார்ந்து கேட்டார். அதிகாரம், பணம், மரியாதை இந்த மூன்றிலும் தங்களுக்கு உரிய பங்கு வருவதில்லை என்பதுதான் கிராமத்தார் பேச்சில் திரும்பத் திரும்ப வந்தது. உங்கள் வலி இவற்றில் எது? என்னுடையது மரியாதை.

இப்போதுதான் முக்கியமான வேலை. நடந்ததையும் அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவையும் பிரித்துப் பாருங்கள். அலுவலகம் தூரம், பேருந்து இல்லை, மனு ஏன் நிற்கிறது என்று சொல்ல ஆளில்லை. இதையெல்லாம் வரிசையாக எழுதியபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்று எங்களுக்குத் தேவைப்பட்டது பக்கத்தில் இருக்கும், பதில் சொல்லும் ஓர் அரசாங்கம். நானோ அரசாங்கமே வேண்டாம் என்று முடிவுகட்டியிருந்தேன். அனுபவம் உண்மைதான், அதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். முடிவை மட்டும் திரும்பக் கேள்வி கேளுங்கள்.

ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அதனால் சொல்லாமல் விழுங்கிய பேச்சும் நிறைய இருக்கும். யார் பேசினால் மற்றவர்கள் அடங்கிப் போனார்கள், யாருடைய குரலைக் கூட்டத்தில் நீங்கள் கேட்டதே இல்லை என்றும் ஒரு பக்கம் எழுதுங்கள். இதை அவசரப்படாமல் செய்யுங்கள், சில நாள் ஆகும்.

கடைசியாக வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். 1965இல் அமெரிக்காவில் பள்ளி இறுதியாண்டு மாணவர்களையும் பெற்றோரையும் தனித்தனியே விசாரித்த ஆய்வில், கட்சிப் பற்று பிள்ளைகளிடம் இறங்கிய அளவுக்கு மற்ற கருத்துகள் இறங்கவில்லை என்று தெரிந்தது. அதனால் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். அந்த நாளைப் பற்றிக் கேளுங்கள்.

நானும் கேட்டேன். அப்பாவுக்கு அந்த இரவு நன்றாக நினைவிருந்தது. அவருடைய கோபம் அலுவலகத்தின் மேல் அல்லவாம். "தெருவுக்கே சேர்த்துப் போட்ட மனு அது. மூணு தடவையும் கூட வர ஒருத்தரும் இல்லை" என்றார்.