வாந்திபேதியா? முதலில் ஓ.ஆர்.எஸ். சரியாகக் கலக்குங்கள்

கடலூரில் கெடிலமும் பெண்ணையாறும் கரை புரண்ட பிறகு குழாய்த் தண்ணீர் கலங்கி வந்தால், வயிற்றுப்போக்கும் பின்னாலேயே வரும். கிருமி எதுவானாலும் ஆளைச் சாய்ப்பது உடம்பை விட்டுப் போகும் தண்ணீரும் உப்பும்தான். அதனால் மாத்திரையைத் தேடுவதற்கு முன் ஓ.ஆர்.எஸ்., அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி.

1. கலக்குவது

பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். 20.5 கிராம் பாக்கெட் என்றால் 1 லிட்டர் தண்ணீர், 200 மி.லி.க்கான சின்ன பாக்கெட்டும் உண்டு. கொதித்து ஆறிய தண்ணீரை லிட்டர் பாட்டிலில் அளந்து, முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் கரையுங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: பெரிய பாக்கெட்டை ஒரே டம்ளரில் கரைத்துவிடுகிறார்கள். உப்பு மிஞ்சினால் ரத்தத்தில் சோடியம் ஏறும். சர்க்கரை மிஞ்சினால் குடலுக்குள் தண்ணீர் இழுக்கப்பட்டு பேதி கூடும். இனிப்பான பழச்சாறும் சோடாவும் ஆகாததற்கும் இதுவே காரணம். சரியான அளவில் இருந்தால் சர்க்கரையும் சோடியமும் சேர்ந்தே குடல் சுவருக்குள் நுழையும், தண்ணீர் கூடவே போகும். பேதியின்போதும் இந்த வழி பெரும்பாலும் அடைபடுவதில்லை.

பாக்கெட் கிடைக்காவிட்டால் 1 லிட்டருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. எதுவானாலும் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

2. கொடுப்பது

ஒவ்வொரு முறை போனதும் 2 வயதுக்குள் 50 முதல் 100 மி.லி., 10 வயது வரை 100 முதல் 200 மி.லி., பெரியவர்கள் குடிக்க முடிந்த அளவு. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, 2, 3 நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். மடமடவெனக் கொடுத்தால் மறுபடி வெளியே வரும்.

3. கூடவே

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கஞ்சி, இட்லி, மோர்சாதம் கொடுக்கலாம். பட்டினி போடுவது தவறு. 6 மாதம் முதல் 5 வயது வரை துத்தநாக மாத்திரை தினம் 20 மி.கி., 14 நாள். பேதி நின்றாலும் 14 நாளும் முடிக்க வேண்டும். பேதியை நிறுத்தும் லோபராமைடு குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். ஆன்டிபயாடிக்கை டாக்டர் எழுதினால் மட்டும்.

4. எப்போது ஆஸ்பத்திரி?

மலத்தில் ரத்தம், கண் குழிவிழுதல், 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாக இறங்குதல், அசதியாகக் கிடத்தல், எதைக் குடித்தாலும் வாந்தி. அரிசி கழுவிய தண்ணீர் போலப் போனால் காலரா என்றே எண்ணுங்கள். 2022ல் காரைக்காலில் பரவியது அதுதான். 6 மாதத்துக்குள் இருக்கும் குழந்தையை அறிகுறிக்குக் காத்திராமல் காட்டிவிடுங்கள். 108 வரும்வரை ஸ்பூனை நிறுத்தாதீர்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது.