புது மடிக்கணினியில் லினக்ஸ்: நிறுவும் முன்பும் பின்பும்

போன மாதம் என் அக்கா மகள் புது மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மொரீசியஸின் ரோஸ்ஹில்லில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். "மாமா, இதில் வைஃபையே வரவில்லை. லினக்ஸ் இந்தக் கணினிக்கு ஒத்துவராது என்று தோழிகள் சொல்கிறார்கள்" என்றாள். அவள் கொண்டுவந்த பென் டிரைவில் இருந்தது உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் வகை. அது 2022 ஏப்ரலில் வெளிவந்தபோது அதனுள் இருந்த கெர்னல் (வன்பொருளோடு பேசும் லினக்ஸின் உட்கரு) 5.15. மடிக்கணினியிலோ ரியல்டெக் 8852பிஇ வைஃபை சில்லு. அந்தச் சில்லை இயக்கும் நிரலான டிரைவர் கெர்னலுக்குள் நுழைந்ததே 6.2இல்தான். பழைய பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு இந்த வருடத் தைப்பூசம் என்றைக்கு என்று தேடிய கதைதான்.

புது மடிக்கணினியில் லினக்ஸ் முரண்டு பிடித்தால் நான் முதலில் பார்ப்பது இந்த வயது வித்தியாசத்தைத்தான். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. விண்டோஸைப் போல ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக டிரைவர் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் வன்பொருளைவிடக் கெர்னல் பழையதாக இருந்தால், இல்லாததை அது எங்கிருந்து கொடுக்கும்?

விண்டோஸ் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

வந்த விண்டோஸை உடனே அழித்துவிடாதீர்கள். அதிலேயே 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, வைஃபை, கிராஃபிக்ஸ், கேமரா ஆகியவற்றின் முழுப் பெயரையும் எண்ணோடு கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வைஃபை இன்டெல் என்றால் தலைவலி குறைவு. மீடியாடெக் 7921 என்றால் கெர்னல் 5.12 முதல் வேலை செய்யும். 7925 என்றால் 6.7 வேண்டும்.

அடுத்தது விண்டோஸின் வட்டு மறையாக்க வசதியான பிட்லாக்கர். இப்போதைய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் வட்டு தானாகவே மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரல்) எதையாவது மாற்றிய பிறகு விண்டோஸ் திடீரென 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். சாவி கையில் இல்லையென்றால் உள்ளே இருப்பதெல்லாம் போனதுதான். மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து அந்தச் சாவியை எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். மடிக்கணினிக்குள் சேமித்து வைத்தால் பயனில்லை.

'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியையும் அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக நிற்பதில்லை, அரைத்தூக்கத்தில் வட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். பயாஸ் புதுப்பிப்பு இருந்தால் அதையும் இப்போதே முடித்துவிடுவது நல்லது, சில நிறுவனங்கள் அதை விண்டோஸ் வழியாக மட்டுமே தருகின்றன.

எந்த லினக்ஸ்?

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட். ஒரே பெயருக்குள்ளும் வித்தியாசம் உண்டு என்பதைக் கவனியுங்கள். உபுண்டு 24.04 முதலில் வந்தபோது கெர்னல் 6.8, 24.04.3 என்ற பதிப்பில் 6.14. புள்ளிக்குப் பிறகு வரும் அந்தச் சிறிய எண்ணைப் பார்த்து, இருப்பதில் புதியதை இறக்குங்கள். மின்ட் 22.2இலும் 6.14தான். மடிக்கணினி சந்தைக்கு வந்தே சில மாதங்கள்தான் ஆகின்றன என்றால் ஃபெடோராவை முயலலாம், அதில் புதிய கெர்னல்கள் சீக்கிரம் வந்து சேரும்.

உபுண்டுவின் கோப்பு ஏறத்தாழ 6 ஜிபி. 16 ஜிபி பென் டிரைவ் ஒன்றும், அதில் இந்தக் கோப்பை எழுத விண்டோஸில் ரூஃபஸ் என்ற மென்பொருளும் போதும்.

நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள்

இதை அவசரமாகத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு என்னைத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். பென் டிரைவைச் செருகி, கணினியை இயக்கிய உடனே எஃப்12 (லெனோவோ, டெல்), எஃப்9 (எச்பி) அல்லது எஸ்கேப் (ஏசுஸ்) விசையைத் தட்டுங்கள். எதிலிருந்து தொடங்க வேண்டும் என்ற பட்டியல் வரும். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்து, 'ட்ரை உபுண்டு' என்பதில் நுழையுங்கள். வட்டில் எதுவும் மாறாது.

திரை கறுத்துப் போய் நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். மறுபடி தொடங்கி, முதல் பட்டியலில் 'சேஃப் கிராஃபிக்ஸ்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். என்விடியா கிராஃபிக்ஸ் உள்ள கணினிகளில் இப்படி நடப்பதுண்டு. நிறுவிய பின் சரியான டிரைவர் போட்டதும் போய்விடும்.

உள்ளே வந்ததும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வைஃபையில் இணைந்து ஒரு காணொளி ஓடவிட்டால் இணையமும் ஒலியும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். ஹெட்ஃபோன் செருகினால் ஒலி அதற்கு மாறுகிறதா? உங்கள் குரலைப் பதிவு செய்து கேளுங்கள், மைக் ஊமையாக இருப்பது பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. டச்பேடில் இரண்டு விரல்களால் உருட்டுங்கள். திரை வெளிச்ச விசைகள், ப்ளூடூத், எச்டிஎம்ஐ எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். கேமராவைத் திறந்து பாருங்கள். இன்டெல்லின் ஐபியு6 வகைக் கேமரா உள்ள மெல்லிய மடிக்கணினிகளில் படம் வராமல் போக வாய்ப்புண்டு; அதற்கான அடிப்படை டிரைவர் கெர்னலில் சேர்ந்தது 6.10இல்தான். இணைய வகுப்பு எடுப்பவர்களுக்கு அது பெரிய குறை, மற்றவர்கள் யுஎஸ்பி கேமரா ஒன்றோடு சமாளிக்கலாம்.

வைஃபை வரவே இல்லையா? ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து 'யுஎஸ்பி டெதரிங்' போடுங்கள். கைபேசியின் இணையம் கம்பி வழியாக வரும், இதற்குத் தனி டிரைவர் வேண்டியதில்லை. வைஃபை சரியாகும்வரை இதுதான் துணை.

நிறுவும் நிரல் வட்டையே காட்டவில்லை என்றால், பயாஸில் இன்டெல் ஆர்எஸ்டி (வட்டுகளைக் கையாளும் இன்டெல்லின் தனி முறை) இயங்கிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் அதை ஏஎச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்ற வேண்டும். ஆனால் விண்டோஸையும் வைத்துக்கொள்பவர்கள் விண்டோஸை முதலில் 'சேஃப் மோட்'டில் தொடங்கும்படி அமைத்துவிட்டே மாற்ற வேண்டும். இல்லையேல் விண்டோஸ் எழாது.

விசைப்பலகை: நம் தீவுக்கே உரிய தொல்லை

இந்த மடிக்கணினி அத்தான் பிரான்ஸின் ரெயூனியன் தீவுக்குப் போயிருந்தபோது வாங்கி வந்தது. ஆகவே பிரெஞ்சு அசெர்ட்டி விசைப்பலகை. ஆங்கில க்வெர்ட்டியில் பழகியவர்களுக்கு ஏயும் க்யூவும் இடம் மாறியிருக்கும், இசட்டும் டபிள்யூவும் இடம் மாறியிருக்கும், எம் வலப்பக்கம் ஏறியிருக்கும், இலக்கங்களுக்கு ஷிஃப்ட் அழுத்த வேண்டும். நிறுவும்போது விசைப்பலகையைப் 'பிரெஞ்சு' என்று தேர்ந்தெடுத்து, அங்கேயே இருக்கும் சோதனைப் பெட்டியில் நான்கு எழுத்துகள் தட்டிப் பார்த்த பிறகே கடவுச்சொல் வையுங்கள். மருமகள் முதல்முறை ஆங்கில அமைப்பிலேயே கடவுச்சொல் வைத்துவிட்டு, அடுத்த முறை உள்ளே நுழைய முடியாமல் அழாத குறை.

இன்னொரு இடத்திலும் இது காலை வாரும். என்விடியா போன்ற வெளி டிரைவர்களைப் போடும்போது, 'செக்யூர் பூட்' (நம்பகமான மென்பொருளை மட்டும் எழ விடும் பாதுகாப்பு) இயக்கத்தில் இருந்தால், ஒரு தற்காலிகக் கடவுச்சொல் வைக்கச் சொல்வார்கள். மறுபடி தொடங்கும்போது நீலத் திரை ஒன்று வரும். அதில் 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். அந்தத் திரை லினக்ஸ் எழும் முன்பே வருவதால், உங்கள் பிரெஞ்சு அமைப்பு அதற்குத் தெரியாது, பெரும்பாலும் அமெரிக்க அமைப்பில்தான் இருக்கும். எனவே இடம் மாறும் ஐந்து எழுத்துகளையும் இலக்கங்களையும் தவிர்த்த ஒரு சொல்லை வையுங்கள். நீலத் திரையைப் பார்த்து வைரஸ் என்று அணைத்துவிட்டால் டிரைவர் ஏறாது.

நிறுவல்

இதில் சொல்ல அதிகமில்லை. மின்கம்பியைச் செருகிக்கொள்ளுங்கள். 'தேர்ட் பார்ட்டி' மென்பொருள்களை நிறுவவா என்று கேட்கும் பெட்டியில் குறியிடுங்கள். விண்டோஸோடு சேர்த்து வைப்பதா, முழுதாக மாற்றுவதா என்பதைத் தேர்ந்தெடுங்கள். நேர வலயத்துக்கு வரைபடத்தில் போர்ட் லூயியைத் தொடுங்கள். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

முதல் நாள் வேலைகள்

முதலில் எல்லாப் புதுப்பிப்புகளையும் போட்டு, ஒருமுறை மறுபடி தொடங்குங்கள். ஏதாவது வேலை செய்யவில்லை என்று தீர்ப்பு சொல்வது அதன் பிறகுதான். உபுண்டுவில் 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'அபௌட்' என்று போனால் கெர்னலின் எண் தெரியும். மின்டில் 'அப்டேட் மேனேஜர்' வழியாகவே புதிய கெர்னலைச் சேர்க்கலாம். பழையதும் பக்கத்தில் இருக்கும், பிடிக்கவில்லை என்றால் தொடக்கப் பட்டியலில் அதற்குத் திரும்பிவிடலாம்.

பிறகு 'அடிஷனல் டிரைவர்ஸ்' (மின்டில் 'டிரைவர் மேனேஜர்') திறந்து, பரிந்துரைக்கப்பட்டது என்று குறியிட்டிருப்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். இணையத்தில் யாரோ ஐந்தாறு வருடங்களுக்கு முன் எழுதி வைத்த கட்டளைகளை அப்படியே ஒட்டாதீர்கள். அன்று வேண்டியிருந்த பல வேலைகளைக் கெர்னலே இன்று செய்கிறது. இரண்டும் மோதிக்கொண்டால் நன்றாக இருந்ததும் கெட்டுவிடும்.

விண்டோஸும் இருக்கும் கணினிகளில் கடிகாரம் நான்கு மணி நேரம் பின்தங்கி நிற்கலாம். வன்பொருள் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. மொரீசியஸ் பொது நேரத்துக்கு நான்கு மணி முன்னால் இருப்பதால் வரும் குழப்பம். பேட்டரியில் கோளாறு இல்லை. விண்டோஸில் நேரத்தை 'சிங்க் நவ்' மூலம் சரிசெய்துகொள்ளுங்கள், அவசரத்துக்கு அது போதும்.

உறக்கமும் பேட்டரியும்

இரவு மூடியை மூடும்போது பேட்டரி எவ்வளவு என்று குறித்து வையுங்கள், காலையில் பாருங்கள். சிறிது குறைந்திருந்தால் இயல்பு. பாதி போயிருந்தால் கணினி உண்மையில் தூங்கவில்லை. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் பழைய ஆழ்ந்த உறக்கம் இல்லை, கைபேசியைப் போலக் கண்ணயர்வது மட்டுமே. சில திங்க்பேடுகளின் பயாஸில் உறக்க நிலைக்கு 'லினக்ஸ்' என்றொரு தேர்வு இருக்கும், இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் இரவில் அணைத்துவிடுவதே மேல். நான் அப்படித்தான் செய்கிறேன்.

மின்சேமிப்புக்கு உள்ளே இருக்கும் 'பவர் சேவர்' போதும். டிஎல்பி என்ற கருவியைப் போடுவதானால் உபுண்டுவின் சொந்த மின்மேலாளரை நீக்க வேண்டும், இரண்டும் ஒன்றாக இருந்தால் சண்டைதான். எப்போதும் மின்கம்பியோடு வேலை செய்பவர்கள் பயாஸில் பேட்டரியை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி நெடுநாள் உழைக்கும். ஆனால் நம் ஊரில் புயல் எச்சரிக்கை இரண்டாம் நிலைக்கு ஏறினால் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு முழுதாக ஏற்றிக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்து போர்ட் லூயியில் கார்கள் மிதந்த அன்று, 80 சதவீதத்தோடு உட்கார்ந்திருந்தவன் நான்.

தமிழில் தட்ட

'செட்டிங்ஸ்', 'கீபோர்ட்' சென்று தமிழ் உள்ளீட்டைச் சேர்க்கலாம். தமிழ்நெட் 99 என்ற பெயரில் சில அமைப்புகள் வரிசையாக நிற்கும். 'டேப்', 'டிஸ்கி' என்று பக்கத்தில் போட்டிருப்பவை யூனிகோடுக்கு முந்தைய குறியாக்கங்கள், தொடவேண்டாம். இந்த அமைப்பு விசையின் இடத்தைத்தான் பார்க்கும், அதன்மேல் அச்சிட்ட எழுத்தைப் பார்க்காது. எனவே அசெர்ட்டியில் க்யூ என்று எழுதியிருக்கும் விசையைத் தட்டினால் அகரம் வரும், ஏ என்று எழுதியதில் ஆகாரம். கை பழகியவர்களுக்குப் பிரச்சினை இல்லை. தமிழ்99இன் தானியங்கிப் புள்ளி (ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழுவது) இதில் வராது. அது வேண்டுமானால் ஐபஸ் எம்17என் தொகுப்பை நிறுவி அதிலிருக்கும் தமிழ்99ஐச் சேர்க்க வேண்டும்.

ஃபர்ம்வேரும் கைரேகையும்

'சாஃப்ட்வேர்' செயலியோ 'ஃபர்ம்வேர் அப்டேட்டர்' செயலியோ பயாஸ் புதுப்பிப்பு இருப்பதாகச் சொன்னால், அது எல்விஎஃப்எஸ் என்ற பொதுச் சேவை வழியாகத் தயாரிப்பாளரிடமிருந்தே வருவது. நம்பிப் போடலாம். மின்கம்பி செருகியிருக்க வேண்டும், நடுவில் அணைக்கக் கூடாது, காற்று வீசி மின்சாரம் கண்சிமிட்டும் நாளில் தொடவே கூடாது.

கைரேகைப் படிப்பானுக்கு 'செட்டிங்ஸ்', 'யூசர்ஸ்' பகுதியில் தேர்வு தெரிந்தால் உங்கள் அதிர்ஷ்டம். தெரியவில்லை என்றால் அந்தச் சில்லுக்கு இன்னும் டிரைவர் இல்லை, அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்காதீர்கள். மருமகளுடையதிலும் அது வேலை செய்யவில்லை. வைஃபை, ஒலி, கேமரா, தமிழ் எல்லாம் ஓடுகின்றன. நேற்று தன் முதலாவது வினாத்தாளை அதில் தட்டி அனுப்பினாள். இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன.