மேட்டர்ஹார்ன்: கயிறு அறுவதற்கு முன்பே நடந்த தவறு

ஆல்ப்ஸ் மலைத்தொடரில் உள்ள மேட்டர்ஹார்ன் சிகரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அது அறுந்த கயிற்றில்தான் போய் நிற்கும். 1865 ஜூலை 14 அன்று எட்வர்ட் விம்பரும் உடன் வந்த ஆறு பேரும் 4,478 மீட்டர் உச்சியை முதன்முதலாகத் தொட்டார்கள். ஒரே கயிற்றில் பிணைந்து இறங்கும்போது நால்வர் வடக்குச் சரிவில் விழுந்து இறந்தார்கள். உடன் வந்த கைடுகளில் ஒருவரான மூத்த டவுக்வால்டர் கயிற்றை வெட்டிவிட்டார் என்று வதந்தி கிளம்பியது. விசாரணை அவர்மேல் குற்றமில்லை என்றது.

என்னைக் கேட்டால், கயிற்றுக்கு முன்பே கோளாறு தொடங்கிவிட்டது. குழுவில் ஒருவரான டக்ளஸ் ஹேடோவுக்கு வயது 19, மலை அனுபவம் குறைவு. அவர் கால்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாறையில் பதித்தபடிதான் கைடு மிஷேல் குரோஸ் இறக்கிக்கொண்டிருந்தார். ஹேடோ வழுக்கி குரோஸ்மேல் மோத, பின்னாலிருந்த ஹட்சனும் பிரான்சிஸ் டக்ளஸும் இழுபட்டார்கள். பிரான்சிஸ் டக்ளஸுக்கும் டவுக்வால்டருக்கும் நடுவே கட்டியிருந்தது, கொண்டுவந்ததிலேயே மெலிந்த கயிறு. அது அறுந்ததால்தான் மேலே மூவர் பிழைத்தார்கள்.

இன்றும் பலர் உச்சியை முடிவாக நினைத்துக்கொள்கிறார்கள். வழக்கமான வழியான ஹோர்ன்லி முகட்டின் அடியில், ஏறுபவர்கள் தங்கிப் புறப்படும் ஹோர்ன்லி குடில் 3,260 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து 1,200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், அப்புறம் அதே பாறையில் இறங்கவும் வேண்டும். தெம்பெல்லாம் ஏறும்போதே தீர்ந்துவிட்டால், கால் தடுமாறுவது திரும்பும் வழியில்தான்.

பிரபலமான வழி என்பதால் தடம் தெளிவாக இருக்கும் என்று நம்புவதும் தவறு. கீழ்ப்பகுதியில், அதுவும் விடியுமுன் இருட்டில், வழி தப்புவது சுலபம். தப்பினால் உதிரும் கற்களுக்கு நடுவே போய் மாட்டிக்கொள்வீர்கள்.

அதே முகட்டில் 4,003 மீட்டரிலுள்ள சோல்வே குடில் அவசரத்துக்கு மட்டுமே. சிலர் அதை இரவு தங்கும் சத்திரமாகத் திட்டத்திலேயே எழுதிவிடுகிறார்கள். சரியாகப் பார்த்தால் அது ஒரு கடிகாரம்: ஹோர்ன்லியிலிருந்து அங்கே வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனால் திரும்பிவிடுங்கள். பிற்பகலில் இடிமழை வந்தால் அந்தக் குடிலைத் தவிர முகட்டில் ஒதுங்க இடமில்லை.

பழைய பயணக் குறிப்பை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பாறைகளைப் பிடித்து வைத்திருக்கும் உறைபனி வெப்பத்தில் இளகுகிறது. 2003 ஜூலையில் ஹோர்ன்லி முகட்டிலேயே பாறை சரிந்து, மேலே இருந்தவர்களை ஹெலிகாப்டரில் இறக்க வேண்டியதாயிற்று.